மூத்தவாப்பாவின் ஈய அச்சு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வலைக்கு ஈயம் உருக்குகிற வீடு ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், கடைசிப் பகுதியையாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் தரம் 6 பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையனின் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் சாம்பல் நிற விரலடையாளம். பென்சில் கரியாக இருக்கும் என்று நினைத்து, "கையைக் காட்டுங்க மகன்" என்றேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "என்ன இது?" என்று கேட்டேன். "வாப்பாக்கு ஈயம் ஊத்தக் குடுத்தன் சேர்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த மூத்தவாப்பாவின் அச்சை வெளியில் எடுத்தேன். பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடி, நுனியில் இரண்டு இரும்புப் பாதி. இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஒரு உண்டை அளவுக்குக் குழி, மேலே ஈயம் ஊற்ற ஒரு சின்னத் துவாரம். 2004 சுனாமியில் எங்கள் கிண்ணியா வீட்டின் முன்பக்கம் போனபோது சேற்றைத் தோண்டி எடுத்த சாமான்களில் இதுவும் ஒன்று. தளபாடம், போட்டோ, என் சான்றிதழ்கள் எல்லாம் போய்விட்டன. இந்த இரும்பு மட்டும் மேலே துருவோடு அப்படியே இருந்தது.

உம்மாவின் வாப்பாவைத்தான் நாங்கள் மூத்தவாப்பா என்போம். திருகோணமலை கடற்படைத் தளத்தின் டொக்யார்டில் பிட்டராக வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டதையும், 1957இல் பிரித்தானியர் தளத்தை எங்கள் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனதையும் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு தம்பலகாமப் பக்கம் இருந்த வயலோடு வாழ்ந்தார். வயலென்றால் பன்றி. பன்றி என்றால் துவக்கு. லைசன்ஸோடு, வாய்ப்பக்கமாக மருந்து இடிக்கிற பழைய துவக்கு ஒன்று வைத்திருந்தார். பன்றி எங்களுக்கு ஆகாது. விழுந்ததைப் பக்கத்து ஊர் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். துவக்குக்கு வேண்டிய உண்டைகளை இந்த அச்சில் அவரே வார்ப்பார்.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். குசினிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய தாச்சியில் ஈயத்தைப் போட்டு விறகு மூட்டுவார். பக்கத்தில் குந்திக்கொண்டு ஊதுகுழலால் ஊதுவது என் வேலை.

அவர் எதைச் செய்தாலும் அதற்கொரு கணக்கு இருக்கும். எல்லா ஈயமும் ஒன்றல்ல என்பார். பழைய கேபிளின் மேலுறையில் இருந்து உரித்த ஈயம் சுத்தமானது, மென்மையானது. நகத்தால் கீறினால் கோடு விழும், கல்லில் போட்டால் தொப்பென்று விழும். அச்சகத்துப் பழைய எழுத்து ஈயத்தில் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்திருக்கும். நகம் இறங்காது, கீழே போட்டால் கணீரென்று சத்தம் வரும். காரீயம் உருக 327 பாகை சென்ரிகிரேட் வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். மூன்றும் சேர்ந்த எழுத்து ஈயம் காரீயத்தைவிடச் சீக்கிரம் உருகி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். அச்சு சூடாகாமல் இருந்தால் உண்டையில் கிழவன் முகம் மாதிரிச் சுருக்கம் விழும். சூடு கூடிவிட்டால் பனி பூத்தது போல வெளிறிப் போகும். இரண்டையும் திரும்பத் தாச்சிக்குள் போட்டுவிடுவார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பக்கத்தில் வரக்கூடாது. உருகிய ஈயத்துக்குள் தண்ணீர் போனால் ஆவியாகி வெடித்து முகத்தில் தெறிக்கும். அதற்காக மட்டும் என்னை அதட்டுவார்.

அவரைப் பொறுத்தவரை வார்ப்பதைவிடப் பெரிய விசயம் அளவு.

உண்டை குழலைவிடச் சின்னதாக இருந்தால் மருந்தின் வேகம் பக்கத்தால் வெளியே போய்விடும். உண்டை ஆடி ஆடிப் போய் எங்கோ விழும். பெரிதாக இருந்தால் பாதி வழியில் இறுகி நிற்கும். உண்டை மருந்தில் போய் உட்காராமல் இடைவெளி விட்டுச் சுட்டால் குழலே வெடிக்கலாம். அதனால் உண்டையைக் குழலைவிடக் கொஞ்சம் சிறிதாக வார்த்து, பழைய சாரன் துணியில் தேன்மெழுகு தடவிச் சுற்றி இறக்குவார். துணி அந்த இடைவெளியை அடைக்கும்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டையில் நிற்கிற பீரங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பீரங்கிகளுக்கும் இதே பிரச்சினைதான். குண்டு சிக்கிவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள். பிரித்தானியச் சிப்பாய்களின் பழைய மஸ்கட் துவக்கின் குழல் முக்கால் அங்குலம், அதாவது 0.75. உள்ளே போட்ட உண்டை ஏறக்குறைய 0.69. அவ்வளவு இடைவெளி இருந்தால் குறி எங்கே பிடிக்கும்?

அந்த இடைவெளியை ஒழிக்கத்தான் 1853 மாதிரி என்பீல்ட் றைபிள் வந்தது. குழலுக்குள் சுருள் வெட்டு, ஈயச் சன்னத்தைச் சுற்றிக் கடதாசி, அது வழுக்கிப் போவதற்குக் கொழுப்பு. சுடும்போது மென்மையான ஈயம் விரிந்து வெட்டுக்குள் பதிந்துகொள்ளும். கருவி அருமையானதுதான். ஆனால் அந்தக் கொழுப்பு மாட்டுடையதா, பன்றியுடையதா என்ற பேச்சு இந்தியாவின் முகாம்களில் பரவியது. தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய காலம் அது. 1857 மே 10ஆம் திகதி மீரட்டில் வெடித்த கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் முஸ்லிம் சிப்பாயையும் இந்துச் சிப்பாயையும் ஒரே நேரத்தில் தொட்டது அந்தக் கொழுப்புத்தான். சன்னத்தை அளந்தவர்கள் அதை வாயில் வைக்கப்போகிற மனிதனை அளக்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

மூத்தவாப்பா அடிக்கடி சொல்லும் கதை ஒன்றும் இருக்கிறது. யுத்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன் சொந்த றிவோல்வரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாராம். ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் விசையை அழுத்தலாம். கௌபோய் படங்களில் வருமே, 1873ஆம் ஆண்டின் கோல்ட் மாதிரி, அந்த வகை. அவரது முறைப்பாடு இதுதான்: நாலைந்து வெடி வைத்ததும் குழல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்கிறது, குறி எங்கோ போகிறது. "ஈயம் மென்மையாக இருக்கிறது, கடினமான கலவையில் சன்னம் வார்த்துத் தா" என்று கேட்டிருக்கிறார்.

மூத்தவாப்பா, "சன்னத்தைக் குறை சொல்ல முதல் அது போற வழியை அளந்து பாப்பம் சேர்" என்றாராம்.

றிவோல்வரில் சன்னம் இருப்பது குழலில் அல்ல, சுழலும் உருளையில். உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் கொஞ்சம் ஒடுங்கிய பகுதி ஒன்று உண்டு. அதைத் தொண்டை என்பார்கள். சன்னம் முதலில் அந்தத் தொண்டையைக் கடந்து, ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டி, பிறகுதான் குழலுக்குள் நுழையும். மூத்தவாப்பா மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலுக்குள்ளால் மரக்குச்சியால் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தார். பிறகு ஆறு தொண்டைகளையும் அதே மாதிரி அளந்தார். நான்கு சரி. இரண்டு மட்டும் குழலைவிட ஒடுக்கம்.

அந்த இரண்டிலிருந்து புறப்படுகிற சன்னம் தொண்டையிலேயே நசுங்கிச் சிறுத்துவிடும். குழலுக்கு வரும்போது அது தளர்வு. சூடான வாயு அதன் பக்கத்தால் சீறிப்போய், ஈயத்தைச் சுரண்டிக் குழலில் அப்பும். எவ்வளவு கடினமான கலவை வார்த்தாலும் அந்தக் குறை தீராது. சொல்லப்போனால் கடினமான சன்னம் விரிந்து கொடுக்காது, இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். தொண்டை குழலின் வெட்டு விட்டத்துக்குச் சமமாக, அல்லது ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். சன்னத்தை விரலால் மெல்ல அழுத்தினால் தொண்டைக்குள் வழுக்கிப் போக வேண்டும், தானாக விழவும் கூடாது. அவர் றீமரால் அந்த இரண்டையும் திறந்து, மெருகு பிடித்து, ஆறையும் ஓரளவாக்கிக் கொடுத்தார். அதே மென்மையான சன்னம் பிறகு நேராகப் போனதாம்.

இது கதைக்காகச் சொன்னதோ என்று நான் பிற்காலத்தில் தேடி வாசித்ததுண்டு. அந்தக் கோல்ட் வகையின் .45 குழலே ஒரு காலத்தில் 0.454 அங்குலமாகவும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 0.451 ஆகவும் செய்யப்பட்டிருக்கிறது. பெயர் ஒன்று, அளவு இரண்டு. வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று, ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிப்பு. பெயரை நம்பி வாங்கியவருக்குப் பொருந்தாது, அளந்து வார்த்தவருக்குப் பொருந்தும்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் பாடத்தைக் கடினமாக்குவதில் பயனில்லை, அது போகிற வழியைப் பார் என்பதை இந்தக் கதையில் இருந்துதான் எடுத்தேன் என்று சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கறுத்த விரல் பையனை, அவனது விரலைப் பார்ப்பதற்கு முந்திய கிழமைதான், "மண்டைக்குள்ள என்ன களிமண்ணா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்டிருந்தேன். அவன் நல்ல பிள்ளை. சொன்னதை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவான், ஒரு இடத்தில் இருக்கமாட்டான். அவனுடைய வழியை நான் அளந்து பார்க்கவில்லை.

ஈயத்தைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டியது இதுதான்.

முதலில் சொல்லைப் பிரிப்போம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகம் இருக்கிறது. செப்புப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வலைக்குக் கட்டுவதும், சன்னம் வார்ப்பதும், பற்றரிக்குள் இருப்பதும் காரீயம். "எங்கட உம்மாமார் ஈயம் பூசின சட்டியில சமைச்சுத் தந்தவங்கதானே, ஒண்டும் ஆகல்லையே" என்று சொல்பவர்கள் வெள்ளீயத்தைக் காட்டிக் காரீயத்துக்குச் சாட்சி சொல்கிறார்கள்.

காரீயத்தால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. உடம்பு அதைக் கல்சியம் என்று தவறாக எண்ணி எலும்பில் சேமித்து வைக்கிறது. அங்கே பல பத்து வருடங்கள் கிடக்கும். பெண் பிள்ளைத்தாய்ச்சியாகும்போது எலும்பில் இருந்து இரத்தத்துக்கு இறங்கி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். விழுங்கிய ஈயத்தில் வளர்ந்த ஆள் உறிஞ்சுவதைவிடச் சிறு பிள்ளை நாலைந்து மடங்கு உறிஞ்சும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை இன்னும் கூட உறிஞ்சும். முதலில் அடிபடுவது மூளை: கவனம், ஞாபகம், படிப்பு. இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

புகையை மட்டும் பயந்தால் போதாது. உருகிய ஈயத்தின் மேலே படிகிற சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து வளவில் கொட்டுகிறோமே, அந்தத் தூள்தான் பெரிய ஆபத்து. அது காலில் ஒட்டி வீட்டுக்குள் வரும், கையில் ஒட்டிச் சோற்றோடு வாய்க்குள் போகும். பற்றரியை உடைத்து எடுக்கிற தகட்டில் உள்ள பசை காய்ந்து தூளானால் இன்னும் மோசம். அசிட் நிலத்துக்குள் இறங்கும். எங்கள் மணல் நிலத்தில் கிணறு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மேர் என்று ஒரு கடற்கரை ஊர். எங்களைப் போல முஸ்லிம்கள், எங்களைப் போல மீன்பிடி. அங்கே கொல்லர்கள் பழைய வாகன பற்றரிகளில் இருந்து ஈயம் எடுத்து வலைக்கு எடை வார்த்து வந்தார்கள். வருடக் கணக்காக மண்ணில் ஈயம் சேர்ந்தது. பிறகு ஈயத்தின் விலை ஏறியதும் அந்த மண்ணையே சல்லடை போட்டு அரித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். காரணம் ஈயம் என்று பிறகுதான் தெரிய வந்தது. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த ஊரின் இடத்தில் எங்கள் ஊரின் பெயரைப் போட்டுப் பார்த்தேன்.

மூத்தவாப்பா காட்டுக்குப் போகும்போது இரண்டு உண்டையை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு போவார், அவசரத்துக்குக் கையில் எடுக்கலாம் என்று. நாங்கள் அவற்றை வைத்து மாபிள் விளையாடுவோம். கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுங்கியது, அடிக்கடி வயிற்றுவலி என்பார். வயசு என்று சொன்னோம். அது ஈயம்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்த அந்த மனிதருக்குத் தன் உடம்புக்குள் போனதை அளக்கச் சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. அவர் அறியாமல் செய்தார், அல்லாஹ் மன்னிப்பான். அறிந்த பிறகு நான் சும்மா இருந்தால் என்ன பதில் சொல்வேன்?

பையனின் வீட்டுக்கு அஸர் தொழுதுவிட்டுப் போனேன். தகப்பன் தம்பலகாமக் குடாவில் வீச்சுவலை வீசுகிறவர். வளவில் உடைத்த ஓட்டோ பற்றரி இரண்டு கிடந்தது. மனைவி நிறைமாதம்.

"என்ன சேர், வாப்பா காலத்திலருந்து உருக்குறம். ஆருக்கு என்ன நடந்த?" என்றார். கோபமில்லை, ஆச்சரியம்.

"எங்கட மூத்தவாப்பாவும் உருக்கினவர்தான் தம்பி. நானும் பக்கத்தில இருந்து ஊதினவன்தான். ஒண்டும் நடக்கல்ல எண்டு எப்படித் தெரியும்? ஆரும் அளந்து பாக்கல்லையே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கடையில செஞ்ச ஈயமணி வாங்குறதெண்டா ஒரு வலைக்கு எவ்வளவு போகும் தெரியுமா சேர்? டீசல் விலைக்கு மேலால அதுவுமா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காசு இல்லாத மனிதனிடம் நஞ்சைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவது எளிது. கடைசியில் இப்படி முடிவெடுத்தோம். பற்றரி உடைப்பது இனி இல்லை, பழையதை முழுதாகவே கடைக்குத் திருப்பிக் கொடுப்பது. இருக்கிற வலையின் ஈயத்தையே கழற்றி மற்ற வலைக்குக் கட்டுவது. புதிதாக வேண்டியதை நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குவது. முதல் தொகைக்கு நானும் கொஞ்சம் போட்டிருக்கிறேன், கடனாகத்தான். பையனுக்கும் தாய்க்கும் இரத்தம் சோதிக்க டாக்டரிடம் கடிதம் வாங்கினோம். முடிவு இன்னும் வரவில்லை. அவனது மறதிக்கு ஈயம்தான் காரணம் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அவனிடம் வகுப்பில், எல்லோர் முன்னும், மன்னிப்புக் கேட்டேன். கேட்ட இடத்திலேயே திருப்பிக் கேட்க வேண்டும் என்று பட்டது.

வீட்டில் ஈயம் இருப்பவர்களுக்கு:

1. பற்றரியை வீட்டில் உடைக்காதீர்கள். உடைத்த தகட்டை உருக்காதீர்கள்.

2. குசினியிலோ, கிணற்றடியிலோ, பிள்ளைகள் விளையாடும் வளவிலோ ஈயம் உருக்காதீர்கள். உருக்கிய தாச்சி, கரண்டி ஒருநாளும் சமையலுக்குத் திரும்பக்கூடாது.

3. பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் பக்கத்தில் வரவே கூடாது. "ஊதிவிடு மகன்" என்று கூப்பிடாதீர்கள்.

4. ஈயமணியைப் பல்லால் கடித்து இறுக்காதீர்கள். வலை கட்டிய கையோடு சாப்பிடாதீர்கள், பீடி பற்றாதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

5. கசடையும் தூளையும் உலர்ந்தபடி கூட்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். உடுப்பைத் தனியாகக் கழுவுங்கள்.

6. பிள்ளைகளின் கண்ணுக்குப் போடும் சுர்மா எதனால் செய்தது என்று தெரியாவிட்டால் போடாதீர்கள். சிலவகைச் சுர்மா காரீயக் கல்லை அரைத்த தூள்தான்.

7. சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ டாக்டரிடமோ வெட்கப்படாமல் கேளுங்கள்.

யுத்தம் தொடங்கிய காலத்தில் மூத்தவாப்பாவின் துவக்கு வீட்டை விட்டுப் போய்விட்டது. அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார். வீட்டில் துவக்கு இல்லாதது நல்லது என்று உம்மா சந்தோசப்பட்டார். அச்சை மட்டும் அவர் கொடுக்கவில்லை. இப்போது அதைக் கழுவித் துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு மூடி, "இதில் இனி ஈயம் ஊற்றக்கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு எடுப்பவருக்கும் தெரிய வேண்டுமே.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் வழமைபோல ஸப்பை நேராக்கி இடைவெளியை அடைக்கச் சொன்னார். சூரா அஸ்ஸப்பில் உறுதியான கட்டடத்தைச் சொல்கிற "மர்ஸூஸ்" என்ற சொல்லும், அறபியில் ஈயத்தைச் சொல்கிற "ரஸாஸ்" என்ற சொல்லும் ஒரே வேரில் இருந்து வந்தவை. தோளோடு தோள் சேர்த்து நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அந்தப் பையனும் அவனது வாப்பாவும் நின்றார்கள். பையன் தக்பீர் கட்டக் கையை உயர்த்தியபோது விரல்களைப் பார்த்தேன். நகங்கள் வெட்டிச் சுத்தமாக இருந்தன.

அவனுக்காகவும், பிறக்கப்போகிற அவனது தம்பி தங்கைக்காகவும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.